ஏட்டில் இல்லாத நகர்வு

தாரகை துரோகியா இல்லையா என்பது தாரகைக்கே தெரியாது. ஊருக்குத் தெரியும். ஊருக்கு எப்போதும் சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்னால் எல்லாம் தெரிந்துவிடும்.

நடந்தது இவ்வளவுதான். சதுரங்கப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் துருவன் என்ற இருபத்துமூன்று வயதுப் பையன் தோற்றுப்போனான். பன்னிரண்டாவது நகர்வில், எல்லோரும் கோட்டை கட்டும் இடத்தில், அவன் தன் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை ‘இந்தா, எடுத்துக்கொள்’ என்று எதிராளியிடம் நீட்டினான். அதுவரை உலகத்தில் யாரும் ஆடாத நகர்வு. ஆட்டக்காரர்கள் பேச்சில் அதற்குப் பெயர் ‘புதுசு’. எதிரே உட்கார்ந்திருந்த பெனடிக்ட் நாற்பது நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, வந்தது வரட்டும் என்று மந்திரியால் அந்தச் சிப்பாயை வெட்டினான். அதன் பிறகு துருவன்தான் முழித்தான். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் முழித்துவிட்டு எதையோ நகர்த்தினான். இருபத்தொன்பதாவது நகர்வில் கை கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

அந்தப் புதுசைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் தாரகை. பெனடிக்டுக்குப் புதுசுகள் தயார் செய்து கொடுப்பவன் இளம்பரிதி. இளம்பரிதி தாரகையின் கணவன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

கோயம்புத்தூரில் நன்னடத்தைக் குழுவின் விசாரணை தொடங்கியபோது, தலைவர் நாற்காலியில் ரெஜினா அம்மாள் இருந்தார். பாளையங்கோட்டைக்காரர், ஓய்வு பெற்ற நீதிபதி. சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்றுகூட அவருக்குத் தெரியாது. அதை மறைக்கவும் இல்லை.

“எனக்கு இந்த ஆட்டம் தெரியாதும்மா. சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லுங்க. மறக்குததுக்கு எதுக்கு மாத்திரை?”

தாரகை நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். “முன்னாடியெல்லாம் செஸ் ஆடற கம்ப்யூட்டர்தானுங்க மேடம் எல்லாத்தையும் கண்டுபுடிச்சுக் குடுத்துச்சு. எல்லார்த்துகிட்டயும் ஒரே கம்ப்யூட்டர். யாரு யாரை அசத்தறது? எந்த ஆட்டமும் டிரா. பார்க்கறதுக்கு ஆளில்லாமப் போச்சு. ஒம்பது வருசத்துக்கு முன்னால எல்லா நாடும் சேர்ந்து அதைத் தடை பண்ணி அழிச்சுப் போட்டாங்க. அப்புறம் புதுசு வேணும்னா மனுசன் மண்டைதானுங்க. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வேலை வந்தது அப்படித்தான்.”

“நல்லதுதானே?”

“நல்லதுதானுங்க. ஆனா கம்ப்யூட்டரைப் பூட்டி வெக்கலாம், மண்டையை எப்படிப் பூட்டறது? புதுசு ஒரே தடவைதான் வெடிக்கும். முன்னமே வெளிய தெரிஞ்சா நமுத்த பட்டாசு. ஆளாளுக்கு ஒளற ஆரம்பிச்சாங்க. அதனால சட்டம் போட்டாங்க. போட்டிக்கு முன்னால ஆட்டக்காரரோட முகாம்ல இருக்கற நாள் பூராவும் காலையில ஒரு மாத்திரை. கடைசி நாளு ஒரு ஊசி. அந்த நாளுகளே இல்லாமப் போயிரும். நாங்க அதைத் தலைமுழுக்குன்னு சொல்லுவோம்.”

“செஸ் மட்டும்தானே போகும்?”

“எது செஸ்ஸு, எது சோறுன்னு மாத்திரைக்குத் தெரியாதுங்களே. மொத்தமாத்தான் போகும்.”

ரெஜினா அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். இந்த வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் எத்தனை நாள் அப்படிப் போயிருக்கும் என்று கேட்டார். தாரகை எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணக்கூடாது என்று ஒரு பிடிவாதம். மகள் நறுமுகைக்குப் பன்னிரண்டு வயது. முகாமிலிருந்து அம்மா கூப்பிடும்போது அவள் முக்கியமான எதையும் சொல்வதில்லை. “இப்பச் சொன்னா மறந்துருவீங்கம்மா, வந்தப்புறம் சொல்றேன்” என்பாள். வந்த பிறகு பாதியை அவளே மறந்திருப்பாள்.

“ஆட்டக்காரருக்கும் இந்த மாத்திரை உண்டா?”

“அவங்களுக்கு எப்படிங்க? அவங்க ஆடோணுமில்ல. நாங்க கண்டுபுடிச்சதையெல்லாம் ஒரு ஏட்டுல எழுதி, முத்திரை போட்டு அவங்க கையில குடுத்துட்டு வந்துருவோம். ஏட்டுல இல்லாத எதையும் வாயால சொல்லக் கூடாது. சொன்னவங்களுக்கு எச்சரிக்கை, கேட்டுக்கிட்ட ஆட்டக்காரருக்கு ரெண்டு வருசம் தடை.”

துருவன் அறையின் இன்னொரு மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய ஏடு மேசைமேல் இருந்தது. தாரகையின் கையெழுத்து. பன்னிரண்டாவது நகர்வு, எதிராளி சொல்லக்கூடிய பதில்கள் ஏழு. ஆறு பதில்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். மந்திரி வெட்டினால் என்ற ஏழாவது பதிலுக்குக் கீழே ஒரே ஒரு வரிதான் இருந்தது. ‘நமக்குச் சாதகம்.’ என்ன சாதகம், எப்படிச் சாதகம் என்று ஒரு எழுத்து இல்லை.

ரெஜினா அம்மாள் அந்த வரியின்மேல் விரலை வைத்தார். “எனக்குப் புரிஞ்ச வரைக்கும் ரெண்டு வழிதாம்மா. உங்க புதுசே சொத்தைன்னா அது கவனக்குறைவு. ஆறு மாசம் வேலை பார்க்க முடியாது, அவ்வளவுதான். ஆனா தம்பியக் காப்பாத்துத நகர்வு ஒண்ணு இருந்து, தெரிஞ்சும் நீங்க எழுதாம விட்டிருந்தா அது துரோகம். உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் வாழ்நாள் தடை. எங்க நிபுணர்கள் மூணு பேரும் தேடிட்டு இருக்காங்க, இதுவரை அப்படி ஒரு நகர்வு கிடைக்கல. வியாழக்கிழமை முடிவு சொல்லிருதேன்.”

சொத்தையாக இருந்தால் பிழைப்பாள். சரியாக இருந்தால் கெட்டாள். தன் வேலை மட்டமானது என்று சாமியை வேண்டிக்கொள்ள வேண்டிய நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சதுரங்கப் பலகை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தாரகைக்கு ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. குழம்பைக் கிண்டிக்கொண்டே வந்து ஒரு குதிரையை நகர்த்துவாள். துணி காயப்போடப் போனவள் கையில் ஈரப் பாவாடையோடு திரும்பி வந்து பலகை முன்னால் நிற்பாள். சொட்டச் சொட்டத் தரையெல்லாம் தண்ணீர்.

“விட்டுத் தொலை அம்மிணி,” என்றான் இளம்பரிதி. அவன் மாவு பிசைந்துகொண்டிருந்தான். “ஆனைக்கும் அடி சறுக்கும். சொத்தைன்னு ஒத்துக்க. ஆறு மாசந்தானே, கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள போயிரும். நானாச்சும் வேலைக்குப் போவேன்.”

“சொத்தையை நான் எழுதமாட்டேன் மாமா.”

“இது திமிரு.”

“திமிருதான். வேற என்ன இருக்குது எங்கிட்ட? கண்டுபுடிச்சது ஞாபகம் இல்ல. கண்டுபுடிக்கத் தெரியுங்கற திமிரு ஒண்ணுதான் இருக்குது.”

அவன் மாவைத் திருப்பிப் போட்டுப் பிசைந்தான். அவள் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டாள்.

“மாமா, நீங்க எங்கிட்ட எதாச்சும் கேட்டிருப்பீங்களா? முகாம்ல இருக்கையில?”

இளம்பரிதி கையை உதறிக்கொண்டு திரும்பினான். “எனக்கு மட்டும் ஞாபகம் இருக்குதா? நானும் ஏற்காட்டு முகாம்ல தலைமுழுகிப்போட்டு வந்தவன்தானே? நான் கேட்டிருப்பேன்னு நீ நினைக்கறயா?”

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். பதினான்கு வருடம் கூட வாழ்ந்தவள் அதைச் சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். அவள் யோசித்தாள். யோசித்தது இரண்டு நொடிதான், ஆனால் அதை அவன் பார்த்துவிட்டான். அன்றைக்குச் சப்பாத்தியை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அவனுக்கும் அதே சந்தேகம் இருந்தது என்பதுதான் கொடுமை. ‘நீ எனக்காக விட்டுக்கொடுத்தாயா?’ என்று அவன் கண் கேட்டுக்கொண்டே இருந்தது. இருவருக்கும் பதில் தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா, தலைவலி எப்படி இருக்கிறது என்று மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, நறுமுகையின் பள்ளிச் சீருடைக்குத் துணி எடுக்க டவுன் பஸ்ஸில் காந்திபுரம் போய்க்கொண்டிருந்தாள். கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது தாரகை அவரைப் பார்த்து, “முன்னால போகணும்,” என்றாள்.

“முன்னாலதானுங்க்கா வண்டி போயிட்டிருக்குது. எங்க எறங்கோணும்?”

ராஜா முன்னால் போக வேண்டும். அதுதான் விஷயம். மந்திரி வந்து சிப்பாயை வெட்டி ராஜாவை முறைத்துக்கொண்டு நிற்கும்போது, எவனும் ராஜாவை மூலைக்கு ஓட்டுவான். துருவன் ஓட்டினான். நிபுணர்கள் மூவரும் ஓட்டி ஓட்டித்தான் பார்த்திருப்பார்கள். ஓடாமல் ஒரு கட்டம் முன்னால், அடி விழும் இடத்துக்கே நடந்தால்? எதிராளி ராணியைக் கொண்டுவந்து செக் கொடுப்பான். கொடுக்கட்டும். அப்போது…

அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நிழற்குடையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆடிப் பார்த்தாள். யானை. செக்கை மறித்து, ராணிக்குப் பக்கத்தில் யானையைச் சும்மா கொண்டுபோய் வைத்தால் போதும். எடுத்தாலும் தோல்வி, எடுக்காவிட்டாலும் தோல்வி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீரைக்காரம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சொத்தை இல்லை. தங்கம்!

அந்தச் சந்தோஷம் ஒரு பஸ் வந்து போகிற நேரம் இருந்தது. அதற்குள் புத்தி விழித்துக்கொண்டது. வீட்டில் குழம்புக்கும் துணிக்கும் நடுவில், பன்னிரண்டு நாளில் இதைக் கண்டுபிடிக்க முடிந்ததென்றால், வேறு வேலையே இல்லாமல் பத்தொன்பது நாள் வால்பாறை முகாம் பங்களாவில் உட்கார்ந்திருந்தவள் கண்டுபிடிக்காமலா இருந்திருப்பாள்? ‘நமக்குச் சாதகம்’ என்று எழுதியிருக்கிறாளே. தெரிந்துதான் எழுதியிருக்கிறாள். தெரிந்தும் மீதியை எழுதவில்லை. ஒருவேளை வாயால் சொல்லியிருப்பாளோ? சொல்லியிருந்தால் துருவன் ஏன் ஒரு மணி நேரம் பத்து நிமிடம் முழித்தான்?

அப்படியென்றால் துரோகிதான். ஏன் செய்தாள், யாருக்காகச் செய்தாள் என்பது மட்டும்தான் தெரியவில்லை. ஊமை கண்ட கனவாவது ஊமைக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து இளம்பரிதிக்குக் காட்டினாள். அவன் முதலில் ஆட்டக்காரனாகத்தான் பார்த்தான். “அடேங்கப்பா!” என்று தொடையைத் தட்டினான். அப்புறம் கணவனாகப் பார்த்தான். காய்களை அவனே கலைத்து டப்பாவில் போட்டு மூடினான்.

“இதை யாருகிட்டயும் காட்டாத. நான் உன்ற காலுல வேணாலும் உழுகறேன். நமக்கு ஒரு புள்ள இருக்குது.”

தாரகை டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

வியாழக்கிழமை அறையில் கூட்டம். மூன்று நிபுணர்களில் மூத்தவரான கோதண்டம் எழுந்து, தேடாத இடமில்லை, அந்தப் புதுசு ஆட்டத்துக்கு ஆகாத புதுசு என்று அறிவித்தார். ரெஜினா அம்மாள் துருவனைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

துருவன் எழுந்தான். இந்த இரண்டு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தான். “அக்கா மேல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல மேடம். தப்பு எல்லாருக்கும் வரும். அவங்களை விட்டுருங்க.”

என்ன பெருந்தன்மை என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். தாரகைக்கு அந்தப் பெருந்தன்மைதான் தாங்கவில்லை. பட்டத்தை இழந்த பையன், தன் தலையில் கல்லைப் போட்டவளை மன்னிக்கிறான். இவள் வாயை மூடிக்கொண்டு அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு போய், ஆறு மாதம் கழித்து இன்னொரு பையனுக்குப் புதுசு எழுத வேண்டும். ரெஜினா அம்மாள் தீர்ப்புத் தாளைக் கையில் எடுத்தார். ‘கவனக்குறைவு’ என்ற சொல் வரைக்கும் படித்தார்.

“மேடம், அது சொத்தை இல்லைங்க.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த இளம்பரிதி கண்ணை மூடிக்கொண்டான்.

“என்னம்மா சொல்லுதீங்க? யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா?”

“யோசிச்சுத்தானுங்க. காப்பாத்தற நகர்வு இருக்குது. இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஆனா முகாம்லயே தெரிஞ்சிருக்கும். ஏன் எழுதலைன்னு எனக்குத் தெரியல. என்ற வீட்டுக்காரர் வேண்டாம்னு சொன்னாரு, அவரு மேல ஒண்ணும் போடாதீங்க. எது வந்தாலும் எனக்கு வரட்டும். ஆனா இவ்வளவு நல்ல நகர்வைச் சொத்தைன்னு சொல்லிப் பொதைக்க என்னால முடியாது. நான் எப்பேர்ப்பட்டவள்னு எனக்குத் தெரிஞ்சாகோணும்.”

மேசைமேல் பலகை தயாராக இருந்தது. எல்லோரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். துருவனும் வந்து அவளுக்கு இடப்பக்கம் நின்றான். தாரகை வெள்ளை ராஜாவை ஒரு கட்டம் முன்னால் வைத்தாள்.

கோதண்டம் சிரித்துவிட்டார். “என்னம்மா, சாவைத் தேடிப் போறீங்க? இதோ செக்.” ராணியை எடுத்துத் தட்டென்று வைத்தார்.

தாரகை கையை நீட்டினாள். அதற்குள் இடப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. யானையை எடுத்தது. ராணிக்குப் பக்கத்துக் கட்டத்தில், சும்மா வெட்டிக்கொள்ளலாம் என்ற இடத்தில், கொண்டுபோய் வைத்தது. வைத்த வேகத்திலேயே பலகைக்குப் பக்கத்தில் கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேசையை ஓங்கித் தட்டியது.

துருவனின் கை. அவனே அதை யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கோதண்டம் குனிந்து பார்த்தார். எடுத்துப் பார்த்தார், எடுக்காமல் பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்து, “ஜெயிக்குது,” என்றார், பெருமூச்சோடு. “எல்லாப் பக்கமும் வெள்ளைதான் ஜெயிக்குது.”

ரெஜினா அம்மாளுக்குச் சதுரங்கம் தெரியாது. மனுசர்களைத் தெரியும். “தம்பி,” என்றார். “மூணு நிபுணருக்கு ரெண்டு வாரமாத் தெரியாதது உங்களுக்கு எப்படி ஒரு நொடியில தெரிஞ்சுது?”

துருவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

“அக்கா சொன்னாங்க மேடம். பதினேழாம் நாள் சொன்னாங்க. போன வருசம் என் ஏடு திருடுபோச்சு. அந்தப் பயத்துல, இதை மட்டும் எழுதாதீங்க, வாயால சொல்லுங்கன்னு நான்தான் கெஞ்சினேன். தப்புடான்னாங்க. கால்ல விழாத குறையாக் கேட்டேன். ஆட்டத்துல உட்கார்ந்தா வரல மேடம். யானைன்னு தெரியுது. அதுக்கு முன்னாடி என்னமோ ஒண்ணு இருக்கே, அது வரல. ஒரு மணி நேரம் பத்து நிமிசம் அதைத்தான் தேடிட்டிருந்தேன். தோத்துட்டு லிஃப்ட்ல இறங்கறேன், ராஜா முன்னால போகணும்னு பளிச்சுன்னு வருது.”

“ஏன் தம்பி சொல்லல?”

“சொன்னா ரெண்டு வருசம் தடை. அக்காவுக்கு எப்படியும் ஞாபகம் இருக்காது. ஆறு மாசத்தோட போயிரும்னு நினைச்சேன்.”

ஞாபகம் இல்லாதவள் தலையில் எதை வேண்டுமானாலும் ஏற்றி வைக்கலாம், அவளே அதைச் சுமந்துகொண்டு தன்னைத் தானே திட்டிக்கொள்வாள். இருபத்துமூன்று வயதுப் பையனுக்கு அது தெரிந்திருந்தது. இளம்பரிதி எழுந்து வந்தான். அவன் நடந்து வந்த வேகத்தைப் பார்த்துக் கோதண்டம் குறுக்கே போய் நின்றார்.

தாரகைக்கும் கை பரபரத்தது. ஓங்கி ஒன்று வைத்தால் தேவலை என்றுதான் இருந்தது. இரண்டு வாரம். கட்டிய கணவனைச் சந்தேகப்பட்ட இரண்டு வாரம். ஆனால் துருவன் முன்னால் போய் நின்றதும் அவள் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

“கண்டுபுடிச்சப்ப நான் எப்படி இருந்தேன்?”

துருவன் நிமிர்ந்து பார்த்தான். “அக்கா?”

“அந்த நகர்வு கெடச்சப்ப. நீதானே கூட இருந்தே. எப்படி இருந்தேன்?”

“மத்தியானம் அக்கா. மழை கொட்டிட்டிருந்தது. நீங்க சாப்பாட்டுத் தட்டோட எழுந்து நின்னீங்க. கழுவாத கையோடயே வந்து என் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்ப் பலகையில காட்டினீங்க. சத்தம் போட்டுச் சிரிச்சீங்க. அப்படி நீங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. வாசல்ல இறங்கி மழையில கொஞ்ச நேரம் நின்னீங்க.” அவன் நிறுத்தினான். “உள்ள வந்தப்புறம் அழுதீங்க.”

“எதுக்கு?”

“நாளான்னிக்கு இதுவும் போயிருமேடான்னு அழுதீங்க. நீயாச்சும் இதை மறக்காம வெச்சுக்க தம்பின்னு சொன்னீங்க.” “அக்கா, என்னை மன்னிச்சிருங்க.”

தாரகை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். ரெஜினா அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாரகை திரும்பாமலே கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொன்னாள்.

“அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்,” என்றாள் துருவனிடம். “பத்தொம்பது நாள் இருக்குது. மொத நாள்ல இருந்து சொல்லு.”